அமைச்சரின் அவசரத்தை அடக்கிய அக்காவுக்கு

ஓசையால் எங்களை ஒன்றாய்க் கோத்தவரே! நாவின் நயத்தால் பதவி நாற்காலிகளையே காத்து நிற்க வைத்தவரே! இம்மாலை நாளிதழின் தொலைபேசி மணிக்கு முப்பத்தொரு ஆண்டுகளாக முதல் குரல் கொடுத்து, இன்று ஓய்வு பெறும் இணைப்பக அக்கா அவர்களே! வணக்கம், வணக்கம், போதாமல் இன்னும் ஒரு வணக்கம்!

பத்துக்கு எட்டடி அறை, ஒரு ஜன்னல், கம்பிகள் பிதுங்கும் ஒரு பெட்டி. இவ்வளவுதான் உங்கள் அரசாங்கம். ஆனால் ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் அதுவே வாசல்! எங்கள் முதலாளியோ தங்கமானவர். யார் கெஞ்சினாலும் "சரி, செய்திய எடுத்துடச் சொல்றேன்" என்று இளகிவிடுபவர். அது தெரிந்த அரசியல் பெருமக்கள், நண்பகலில் பத்திரிகை அச்சேறுமுன் அவரைப் பிடிக்கத் துடிப்பார்கள். நடுவில் நீங்கள்!

மறப்போமா அந்தப் புதன்கிழமையை! அமைச்சர் ரிப்பன் வெட்டித் திறந்த மருத்துவமனையில் பதினாறு நாளாக மருத்துவரே இல்லை என்று நம் நிருபர் எழுதியிருந்தார். அச்சேற இருபது நிமிடம். மணி அடித்தது. அமைச்சரின் உதவியாளர்!

"முதலாளிய குடுங்கம்மா, அவசரம்."

"குடுக்கிறேன் தம்பி. என்ன விஷயம்னு கேப்பாரு. சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

அவர் சொன்னார், எழுதினீர்கள். படித்துக் காட்டினீர்கள், திருத்தினார். மறுபடி முதலிலிருந்து படித்தீர்கள்.

"செய்தி பொய்னு போட்டுக்கட்டுமா?"

"ஐயோ, பொய்யில்லம்மா! இன்னைக்கு வேணாம், அவ்வளவுதான்."

"பொய்யில்ல, இன்னைக்கு வேணாம். சரியா இருக்கா தம்பி?"

அதற்குள் கீழ்த்தளம் அதிர்ந்தது. அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கியிருந்தது. "இதோ குடுக்கிறேன்" என்று இணைப்பும் கொடுத்தீர்கள்! ஒரு பொய் சொல்லவில்லை, ஒரு சொல் கடிந்து பேசவில்லை. சேலையை விரித்து, மடித்து, மறுபடி விரித்தே வந்தவரைக் களைக்க வைக்கும் அந்தக் கெட்டிக்காரத்தனத்தை எந்தக் கடைத்தெருவிலும் நாங்கள் கண்டதில்லை. வெள்ளிக்கிழமையே அங்கே இரண்டு மருத்துவர்கள் வந்து சேர்ந்தார்கள்!

நாளை முதல்? கைபேசியே வேண்டாம் என்றிருந்த முதலாளிக்கு, மகள் போன வாரம் ஒன்றை வாங்கித் தந்துவிட்டார். எண் அதற்குள் அமைச்சர் வீடுவரை போய், உதவியாளரின் வாழ்த்தும் வந்தாயிற்று! இனி நடுவில் நீங்கள் இல்லையே! ஆகவே இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுமுன் முதலாளியிடமே நீட்டினோம். முழுவதும் படித்தார். முகம் சிவந்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் பேனாவைக் கேட்டார்.

அன்பின் அக்கா! நோயின்றி, குறையின்றி, நூறாண்டு கடந்தும் வாழ்க! இனி உங்கள் வீட்டில் மணி அடித்தால் அது பேரப்பிள்ளையின் குரலாகவே இருக்கட்டும்!

என்றும் உங்கள் இணைப்பில்,
ஆசிரியர் குழுவினர், நிருபர்கள், அச்சகத் தோழர்கள்

(கீழே, முதலாளியின் கையெழுத்தில்)
காலை பத்து மணி முதல் அச்சு முடியும்வரை என் கைபேசி இழுப்பறையில் பூட்டியிருக்கும். சாவி, மருத்துவமனைச் செய்தி எழுதிய நிருபரிடம்.