சிவஞானத்தின் சாப்பாடு

மழைக்காலத்தில் கப்பலில் அரிசியைக் காப்பாற்றுவது சிரமம், ஐயா. எவ்வளவு தார்ப்பாய் போட்டு மூடினாலும் உப்புக்காற்று மூட்டைக்குள் போய்விடும். ஈரம் பட்டால் புழு வரும். அதில் யாருடைய குற்றமும் இல்லை.

மெட்ராஸிலிருந்து போர்ட் பிளேருக்கு ஓடிய கப்பலில் நான் பண்டாரி. கீழ்த்தளத்தில், பங்க் கிளாஸில் வரும் சனங்களுக்குச் சமைப்பவன். கரையில் இருக்கும்போது போர்ட் பிளேரில், டெலானிபூரில் குவார்ட்டர்ஸ். நாலு நாள் கடலில் கிடப்பவர்கள் சாப்பாட்டைக் குறை சொல்லத்தான் செய்வார்கள். பெங்காலிகளுக்கு மீன் போதாது, நம்மவர்களுக்குப் புளி போதாது. வயிறு புரளும்போது அமிர்தமும் கசக்கும் என்று விட்டுவிடுவேன். நான் கோபக்காரன் இல்லை. என்னோடு வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பயணத்தில் சிலோன் தோட்டங்களிலிருந்து திரும்பிய குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்தன. கச்சால் தீவில் ரப்பர் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களில் ஒருவர்தான் சிவஞானம். மனைவி சுசீலாவும் கூட வந்தாள். சிவஞானம் ஒல்லியான, குரல் உயர்த்தாத மனிதர். முதல் நாள் மதியம் தட்டோடு என்னிடம் வந்தார்.

"ஐயா, சோத்துல புழு கெடக்குதுங்க. நாங்க ஒதுக்கிட்டுத் தின்னுக்குவோம். புள்ளைங்களுக்கு மட்டும் வேற ஏதாச்சும் குடுங்க."

"பொறுக்கிப் போட்டுட்டு ஊட்டுங்க" என்றேன்.

அவர் சரியென்று தலையாட்டிவிட்டு, நேராகப் படியேறிக் கேப்டனிடம் போய்விட்டார்.

கேப்டன் கீழே இறங்கி வந்தார். அத்தனை வருஷத்தில் அவர் எங்கள் தளத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. எல்லார் முன்னாலும் என் அண்டாவிலிருந்து ஒரு கரண்டி பருப்பை எடுத்து வாயில் வைத்தார். உடனே கைக்குட்டையில் துப்பினார்.

"ஜெகநாதன், யே கானா ஹை? ஜான்வர் பி நஹீ காயேகா."

இதுவும் சாப்பாடா, மாடுகூடத் தின்னாது என்கிறார். ஹிந்தி புரியாதவர்களுக்கும் அந்தக் கைக்குட்டை புரிந்தது. சிலர் சிரித்தார்கள். சிவஞானம் சிரிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "மன்னிச்சுக்கங்க ஐயா, ஒங்கள மாட்டிவிடணும்னு போகல" என்று என்னிடம் வந்து சொன்னார். பரவாயில்லை என்றேன்.

மறுநாள் கடல் கொந்தளித்தது. எல்லாரும் வாந்தி எடுத்தார்கள், சிவஞானமும்தான். கப்பல் டாக்டருக்கே தலையைத் தூக்க முடியவில்லை. அவருக்கு எலுமிச்சைச் சாறு கொண்டுபோனபோது, கீழே ஒருவருக்கு அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வயிற்றால் போகிறது என்று சொன்னேன். காலராவுக்கு அதுதான் அடையாளம். டாக்டர் படுக்கையிலேயே எழுந்து உட்கார்ந்தார்.

"உஸ்கோ அலக் ரக்கோ" என்றார். ஆளைத் தனியாக வை, உப்புக் கஞ்சியும் தண்ணீரும் விடாமல் கொடு என்றார். தான் வந்து பார்ப்பதாகச் சொல்லவில்லை.

தொற்று நோயாளிகளுக்கென்று பின்தளத்தில் ஓர் இரும்பு அறை உண்டு. தாழ்ப்பாள் வெளியே இருக்கும். நானே சிவஞானத்தைத் தோளில் தாங்கி அழைத்துப் போனேன்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்களே. கடலு ஒத்துக்கல, அவ்வளவுதான்" என்றார்.

"டாக்டர் உத்தரவு" என்றேன்.

பட்டினி போட்டேன் என்று சொல்கிறார்கள். அது சரியில்லை. ஒவ்வொரு வேளையும் கொண்டுபோனேன். கதவில் கம்பி போட்ட சிறு சன்னல் இருந்தது. அதற்கு எதிரே தட்டைப் பிடித்துக்கொண்டு, "சாப்பாடு நல்லா இருக்குன்னு சொல்லுங்க, கதவத் திறக்கிறேன்" என்றேன்.

"புள்ளைங்களுக்கு வேற குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

அது நான் கேட்டதற்குப் பதில் இல்லை. தட்டைத் திருப்பி எடுத்து வந்தேன். தண்ணீர்ச் செம்பு தட்டோடு சேர்ந்ததுதான், அதுவும் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு நான் நன்றாகவே சமைத்தேன். மேல்தளத்து அரிசியைக் கேட்டு வாங்கினேன், அப்பளம் பொரித்தேன். காலரா பயத்தில் யாரும் பேசாமல் சாப்பிட்டார்கள். ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. சுசீலா மட்டும் ஒவ்வொரு பந்தியிலும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்பாள்.

"ஐயா, அவரு சாப்பிட்டாருங்களா?"

"சாப்பிட்டார்மா. ரொம்ப நல்லா இருக்குன்னார்."

அதைக் கேட்ட பிறகுதான் அவள் கை சோற்றில் படும். அவள் சாப்பிடட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன்.

மழை விட்டு வெயில் வந்ததும் அந்த இரும்புச் சுவர்களைத் தொட முடியவில்லை. போர்ட் பிளேர் மலைகள் தெரிந்த காலையில் அவர் கதவுக்கு அடியில் சுருண்டு கிடந்தார். டாக்டர் வாசலில் நின்றபடியே காலரா என்று முடிவு சொன்னார். கித்தானில் சுற்றிக் கடலில் இறக்கினோம். சுசீலாவைப் பக்கத்தில் விடவில்லை. "நல்லா சாப்பிட்டாருன்னீங்களே ஐயா" என்று என்னிடம் மறுபடி மறுபடி கேட்டாள். தொற்று நோய் அப்படித்தான் என்று ஆறுதல் சொன்னேன்.

கரையில் அந்தக் குடும்பங்களைத் தனி முகாமில் வைத்தார்கள். யாருக்கும் காலரா வரவில்லை. சுசீலா கச்சாலுக்குப் போக மாட்டேன் என்று உங்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதனால்தான் நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள்.

வயிற்றால் போனது என்பது நான் சொன்ன பொய். தாழ்ப்பாளை நான்தான் போட்டேன், நான்தான் திறக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு வார்த்தையை அவர் கடைசிவரை சொல்லவே இல்லையா என்று கேட்கிறீர்கள்.

சொன்னார், ஐயா. பயணத்தின் மூன்றாம் நாள் மத்தியானமே சொல்லிவிட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்குங்க, ரொம்ப நல்லா இருக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குரல் போன பிறகும் உதடு அசைந்தது. ஆனால் அதுவரை அவர் ஒரு பருக்கைகூட வாயில் வைத்திருக்கவில்லையே. ருசி பார்க்காத ஆள் சொல்லும் பாராட்டை, தொழில் தெரிந்த எந்தச் சமையல்காரன் ஏற்றுக்கொள்வான்?