புரட்டக்கூடாத பலகை

அண்ணாச்சி: பரண்ல ஒரு பலகை கெடந்துச்சேலே ஜேசுபாதம்... தேக்கு. சாக்கு சுத்தி வெச்சிருந்தேன்.

ஜேசுபாதம்: மரப்பட்டறையில பலகைக்கா பஞ்சம்? வேற எடுத்துத் தாரேன் அண்ணாச்சி.

அண்ணாச்சி: எனக்கு அதுதாம்லே வேணும். வென்னி போட.

ஜேசுபாதம்: தேக்கையா அடுப்புல வெக்கப் போறீய?

அண்ணாச்சி: என் பலகை, என் அடுப்பு. எங்கலே?

ஜேசுபாதம்: அங்கன... வட்ட ரம்பத்து மேசையில சறுக்குப் பலகை இருக்குல்லா...

அண்ணாச்சி: அது நீயா அடிச்சதுல்லா?

ஜேசுபாதம்: நாந்தான். மேசையில ரெண்டு காடி, நீளப் பள்ளமா ஓடுதா, அதுக்குத் தோதா அடியில ரெண்டு சட்டம். கோயில் மெழுகுதிரித் துண்டைத் தேச்சேன், வழுக்கிட்டுப் போவுது. மரத்தை அது மேல வெச்சுத் தள்ளுனாப் போதும். கை ரம்பத்துக்கிட்டயே போவாது, அறுப்பும் மூலைமட்டம் பிசகாது...

அண்ணாச்சி: உன் பெருமையை யாருலே கேட்டா? பலகை எங்க?

ஜேசுபாதம்: அதான் சொல்லுதேன்... அடிப்பலகைக்குக் கோணாத மரம் வேணும். பரண்ல தேடுனேன்...

அண்ணாச்சி: அடப்பாவி! சாக்கைப் பிரிச்சியா?

ஜேசுபாதம்: பிரிக்காம எப்படி அறுக்க?

அண்ணாச்சி: உனக்கு... எழுத்து வாசிக்கத் தெரியாதுல்லா?

ஜேசுபாதம்: சாமியார் பள்ளிக்கூடத்துல அஞ்சாப்பு.

அண்ணாச்சி: வாசிச்சுட்டியா?

ஜேசுபாதம்: 'ராவ் சாகிப் சிவனணைந்தபெருமாள்'. உங்க பேரை நல்ல ஆழமாச் செதுக்கியிருக்கான்.

அண்ணாச்சி: மெதுவாப் பேசுலே! யுத்தத்துல ஹார்பருக்கு எம்புட்டுப் பெட்டி அடிச்சுக் குடுத்தோம்! அதுக்கு ராவ் சாகிப் பட்டம் உறுதின்னு ஒருத்தன் சொன்னான். விளாத்திகுளத்துல போயி யாருக்கும் தெரியாமச் செதுக்கி வாங்கினேன். ஒரு பட்டத்தைக் குடுக்க மனசில்லாத வெள்ளைக்காரன், இப்ப நாட்டையே குடுத்துட்டுப் போறான் பாரு!

ஜேசுபாதம்: அதுக்குத்தான் இந்தக் கதர் சட்டையா?

அண்ணாச்சி: போன வாரம் தச்சது. ஒடம்பெல்லாம் அரிக்கி... ஏலே, நாளைக்குக் கிருபாநிதி ஐயா இங்கன வாராரு. கொடியேத்துக் கமிட்டித் தலைவரு. பதினஞ்சாந்தேதி மேடையில எனக்கு நாற்காலி உண்டா இல்லையான்னு அவருதான் சொல்லணும். அந்தச் சறுக்கை மட்டும் புரட்டிப் பாத்தாருன்னா... ஒடைச்சு அடுப்புல போடு!

ஜேசுபாதம்: வேண்டாம் அண்ணாச்சி... அது இல்லாத காலத்துலதான் ரெண்டு விரலு போச்சு. அது வந்து ஆறு மாசமா மிச்ச எட்டும் பத்திரமா இருக்கு.

அண்ணாச்சி: எட்டு போதாதாலே?

ஜேசுபாதம்: நாற்காலி இல்லாட்டி நீங்க நின்னுக்கிடலாம். விரலு இல்லாட்டி நான் எப்படிச் சாப்புட?

அண்ணாச்சி: சரி சரி... எழுத்தையாவது இழைச்சு விடு.

ஜேசுபாதம்: அம்புட்டு ஆழத்துக்கு இழைச்சா அப்பளம் கணக்கா ஆயிரும். இழைக்கவும் வேண்டாம், ஒடைக்கவும் வேண்டாம். அவரு புரட்ட மாட்டாரு.

அண்ணாச்சி: உனக்கெப்படித் தெரியும்?

ஜேசுபாதம்: அது... வெளிய சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு.

அண்ணாச்சி: யாருலே?

ஜேசுபாதம்: கிருபாநிதி ஐயாதான். முந்தாநாளு நீங்க வேம்பாருக்குப் போயிருந்தீயல்லா, அப்ப வந்தாரு.

அண்ணாச்சி: இங்கயா? எதுக்கு?

ஜேசுபாதம்: கையில சாக்கு சுத்துன தேக்குப் பலகை. "கொடிக்கம்பத்துக்குப் பீடம் அறுத்துக் குடு, எழுத்து உள்பக்கமாப் போவணும்"னாரு. உங்க பேரு மேல வெச்சுத்தான் அறுத்தேன்... நீங்க வெறும் ராவ் சாகிப்தான் அண்ணாச்சி, அவரு ராவ் பகதூரு.