வில்லாபுரத்துக் கோடு

டீ நன்றாக இருக்கிறது மேடம். ஸ்டேஷன் டீ வெறும் வெந்நீராக இருக்கும் என்று நினைத்து வந்தேன். ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கிறார்கள்.

என்னை யாரும் பிடித்து வரவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன். பாலகணேஷ் கொடுத்த புகாருக்கு நீங்கள் எழுதி முடித்த அறிக்கையைப் படித்தேன். கீழே 'தமிழ்வாணி, சார்பு ஆய்வாளர்' என்று போட்டிருந்தது. நல்ல தமிழ், குறை சொல்ல முடியாது. ஆனால் அதில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்தாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. நேரே சொன்னால் விளங்காது என்பதால் முதலிலிருந்து வருகிறேன்.

மதுரையில் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. எப்போது செலவாகும் என்று கேட்டால் நான் சொல்வேன். என் தொழில் அது. நகரத்தை நவீனமாக்கும் திட்டம் ஒன்றில், சில பகுதிகளில் மாடித் தொட்டியிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் குழாயில் ஒரு சின்ன சென்சார் மாட்டினார்கள். மாட்டுகிற ஒப்பந்தம் எனக்குக் கிடைத்தது. எந்த வீட்டில் எந்த நேரம் எவ்வளவு தண்ணீர் இறங்குகிறது என்பது உடனுக்குடன் ஓர் இணையதளத்தில் ஏறிவிடும். பெயரும் கதவு எண்ணும் இருக்காது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். திறந்த தரவு என்பார்கள்.

இலவசமாகக் கிடைப்பதை எப்படி விற்பாய் என்று என் மாமனார்கூடக் கேட்டார். வைகை மணலும் ஒரு காலத்தில் இலவசமாகத்தானே கிடந்தது என்றேன். எண்களை யாரும் அள்ளலாம், ஆனால் வாசிக்கத் தெரிய வேண்டும். என் திரையில் ஒவ்வொரு வீடும் ஒரு கோடு. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக் கோடு வேறு, புதிதாகக் கல்யாணமான வீட்டுக் கோடு வேறு. புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ளாத வீடுகூட எனக்குத் தெரிந்துவிடும். இருவரும் ஒருவர் எழும் நேரத்தை ஒருவர் தவிர்ப்பார்கள். தண்ணீர் லாரிக்காரர்கள் என்னிடம் வாங்கினார்கள். வாடகைத் தரகர்கள் வாங்கினார்கள். சித்திரைத் திருவிழா வாரத்தில் எந்தெந்தத் தெருவில் வீடுகள் பூட்டிக் கிடக்கும் என்று ஒருவர் கேட்டு வாங்கிப் போனார். என்ன தொழில் செய்கிறீர்கள் என்று அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்பது மரியாதையாக இருக்காது.

இதெல்லாம் சில்லறை வியாபாரம். நான் பெருமைப்படுவது 'துணை'யைப் பற்றித்தான். தனியாக இருக்கும் பெரியவர்களுக்காக நானே எழுதிய மென்பொருள். வழக்கமாகத் தண்ணீர் இறங்குகிற நேரத்தில் இறங்கவில்லை என்றால் என் போனில் அலாரம் அடிக்கும். நான் வீட்டுக்குப் போன் செய்வேன், எடுக்காவிட்டால் ஆளனுப்புவேன். பிள்ளைகள் வெளியூரில் நிம்மதியாகத் தூங்கலாம்.

முதல் வாடிக்கையாளன் பாலகணேஷ். பள்ளிக்கூடத்திலிருந்து என் கூட்டாளி, இப்போது புனேயில் இருக்கிறான். அவன் அம்மா பத்மாசினி வில்லாபுரத்தில் தனியாக இருந்தார். அவர்களும் நாங்களும் ஒரே ஆட்கள், சௌராஷ்டிரர்கள். வீட்டில் பேசுகிற மொழி வேறு என்பதால் எல்லாவற்றையும் உங்களுக்காகத் தமிழில்தான் சொல்கிறேன்.

"மாப்ள, அம்மாவ உன் பொறுப்புல விட்டுட்டுப் போறேன். நீ இருக்கேங்கிற தைரியந்தான்" என்றான் பாலகணேஷ்.

"போடா, எனக்கும் அம்மாதானே" என்றேன். பொய் சொல்லவில்லை. பள்ளி நாட்களில் பாதி நாள் நான் சாப்பிட்டது அந்த வீட்டில்தான்.

சென்சார் மாட்டப் போன அன்றைக்கு அந்த அம்மா மாடிப்படி வரைக்கும் பின்னாலேயே வந்தார். "நாகசுப்பு, இது வழியா நீ என்னையப் பாப்பியாடா?" என்று கேட்டார்.

"உங்களப் பாக்க முடியாதும்மா. தண்ணியத்தான் பாக்க முடியும். ஆனா ஒண்ணு, என்னைக்காவது முடியாமப் போயி, போனும் கைக்கு எட்டலைன்னு வச்சுக்கங்க, கிட்ட இருக்க குழாயத் தொறந்து தொறந்து மூடுங்க. நான் எங்க இருந்தாலும் தெரிஞ்சிரும்."

அவருக்கு அது விளையாட்டாகப் போய்விட்டது. உள்ளே போய்க் குழாயைத் திறந்தார், மூடினார், திறந்தார், மூடினார். "இப்ப வந்துச்சா? இப்ப?" என்று கீழேயிருந்து கத்தினார். என் போனில் சின்னச் சின்னப் பற்களாகக் கோடு எழும்பி எழும்பி விழுந்தது. வந்துச்சும்மா என்றேன். அம்புட்டு சந்தோஷம் அவருக்கு. ஒரு தூக்குவாளி நிறையப் புளியோதரை கட்டிக் கொடுத்தார்.

அவருடைய கோடு எனக்கு மனப்பாடம். விடியுமுன் ஒரு நல்ல குளியல், பிறகு பூஜைக்கு ஒரு செம்பு, பிறகு அடுப்படி. வீடுகளிலேயே ஒழுங்கான வீடு அது.

உமேஷ் அப்புறம்தான் வந்தான். பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் இருக்கிறான், எல்லா நகரங்களிலும் இதைப் போட்டு விற்க முடிகிற கம்பெனி. கே.கே. நகரில் என் அலுவலகத்துக்கு வந்து, திரையில் ஓடிய கோடுகளை ரொம்ப நேரம் பார்த்தான்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குண்ணே. ஆனா உசுரோட இருக்கவங்க கோடு எங்ககிட்டயே எம்புட்டோ கெடக்கு. கடைசி வரைக்கும் போன கோடு ஒண்ணு வச்சிருக்கீங்களா? விழுந்ததுல ஆரம்பிச்சு முடியிற வரைக்கும். அத வச்சுத்தான் மேல உள்ளவங்களுக்குக் காட்ட முடியும்."

இல்லை என்றேன். இருந்தால் கூப்பிடுங்கண்ணே என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனான். அவன்மேல் தப்பில்லை. சரக்கு கேட்டான், என்னிடம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் உட்கார்ந்துவிட்டது. மாட்டியிருக்கிற வீடுகளில் எல்லோரும் நன்றாக இருந்தார்கள். யாருக்காவது லேசாகத் தலைசுற்றினால்கூட நான் போன் செய்து, ஆளனுப்பி, கோட்டைக் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

வைகுண்ட ஏகாதசி அன்று காலையில் வில்லாபுரத்துக் கோடு எழும்பவில்லை.

என்னிடம் வேலை பார்க்கிற பாண்டீஸ்வரி அன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்டாள். செல்லம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை, கெட்டிக்காரி, கண் ஒன்றையும் தவறவிடாது. "சார், வில்லாபுரத்து அம்மா லைன் இன்னும் வரலையே. இம்புட்டு நேரம் ஆக்க மாட்டாகளே. போன் போடவா?" என்றாள்.

"இன்னைக்கு ஏகாதசி பாண்டீஸ்வரி. எங்க வீடுகள்ல பெரியவங்களுக்குப் பச்சத்தண்ணி பல்லுல படாது" என்றேன்.

"ஓ, விரதமா சார்?" என்றாள். உடனே விட்டுவிட்டாள். திருப்பரங்குன்றத்தில் நாலைந்து சென்சார் பழுது என்று சொல்லி அவளை அங்கே அனுப்பிவைத்தேன். அவளைக் குறை சொல்லாதீர்கள். அவளுக்கு எங்கள் வழக்கம் தெரியாது.

நீங்களும் அதையேதான் எழுதியிருக்கிறீர்கள். 'ஏகாதசி விரதத்தன்று நீர் உபயோகம் குறைவாக இருக்கும் என்பதால், அந்நாளில் எச்சரிக்கை எழாதபடி மென்பொருளில் விதி அமைக்கப்பட்டிருந்தது. ஆகவே மென்பொருளால் விபத்தைக் கண்டறிய இயலவில்லை.' நான் முதலில் இந்தக் காரணத்தைச் சொன்னபோதே பாலகணேஷ் மட்டும்தான் ஒத்துக்கொள்ளவில்லை. காரியம் முடிந்த அன்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "ஏகாதசிக்கு அம்மா குடிக்க மாட்டாங்க. குளிக்காம இருப்பாங்களாடா?"

அவன் சொன்னது சரி. விரதம் வாய்க்குத்தான், உடம்புக்கு இல்லை. மற்ற நாளாவது உடம்பு முடியாமல் குளியல் தள்ளிப்போகும். ஏகாதசியன்று குளிக்காமல் எங்கள் ஆட்களில் ஒரு பெரியவர் விளக்கேற்ற மாட்டார். சொர்க்கவாசல் பார்க்கப் போகமாட்டார். வருஷத்திலேயே அந்தக் கோடு தவறவே முடியாத நாள் அதுதான். எனக்கு அது பாண்டீஸ்வரி கேட்பதற்கு முன்பே தெரியும்.

அந்த நிமிஷத்தில் போன் செய்யலாம் என்று நினைத்தேனா? நினைத்தேன். போனைக் கையில்கூட எடுத்தேன். எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், விழுந்துவிட்டார் என்றால் விழுந்தாகிவிட்டது. நான் தள்ளிவிடவில்லை. இனி இப்படி ஒரு கோடு எப்போது கிடைக்கும்? இதை ஒன்று முழுதாக எடுத்துவிட்டால் எத்தனை ஊர்களில் எத்தனை அம்மாக்களைக் காப்பாற்றலாம். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன். திட்டத்தின் விதியும் எனக்குச் சாதகமாக இருந்தது. வீட்டைப் பெயர் வைத்துப் பார்க்கக் கூடாது, அது தனிமனித உரிமை. அந்தக் கோட்டுக்கு ஓர் எண்தான் உண்டு, பெயர் கிடையாது.

பாண்டீஸ்வரி கிளம்பிப் போன பிறகு கோடு எழும்பியது.

குளியல் இல்லை. சின்னச் சின்னப் பற்கள். திறப்பு, மூடல், திறப்பு, மூடல். குளியலறையில் வாளிக்காகக் கீழே ஒரு குழாய் இருக்கிறது, தரையில் கிடந்தால் கை எட்டுகிற உயரம். கொஞ்சம் ஓய்வு. மறுபடியும் பற்கள். நான் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கும் போகவில்லை. மத்தியானம் வரைக்கும் பற்கள் உயரமாக இருந்தன. அதன்பிறகு மூடுவதற்குக் கை பலம் போதவில்லை போலிருக்கிறது, பற்களுக்கு நடுவில் மெல்லிய கசிவு வந்துவிட்டது. பொழுது சாயும்போது கசிவு மட்டும்தான். தொட்டி காலியானதும் அதுவும் நின்றுவிட்டது.

நான் அழுதேன் மேடம். அந்த வீட்டுப் புளியோதரை தின்று வளர்ந்தவன், அழமாட்டேனா? அழுதுகொண்டேதான் கோட்டைச் சேமித்தேன்.

மறுநாள் துவாதசி. பாண்டீஸ்வரி வந்ததும் திரையைப் பார்த்தாள். "சார், துவாதசின்னா சமைச்சுச் சாப்பிடுவாகன்னு எங்க தெருவுல ஒரு அக்கா சொல்லுச்சே. இன்னைக்கும் வரலையே?" என்றாள். நான் பதில் யோசிப்பதற்குள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அக்கம்பக்கத்தார் முதல்நாள் முழுக்க அந்த அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறார் என்று நினைத்திருந்தார்கள். கதவை உடைத்தார்கள். தொடை எலும்பு முறிவு. டாக்டர் உங்களிடம் சொன்னதைத்தான் பாலகணேஷிடமும் சொன்னார். ஏகாதசியன்று மத்தியானமே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார்.

பாண்டீஸ்வரி அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. போன் செய்தாலும் எடுப்பதில்லை. நல்ல பிள்ளை, எனக்கு நஷ்டம்தான்.

உமேஷைக் கூப்பிட்டுக் கோட்டைக் காட்டினேன். "இம்புட்டுத் தெளிவா நான் பாத்ததே இல்லண்ணே" என்றான். அந்தப் பற்களைக் காட்டி இதென்ன என்று கேட்டான். குழாய்ப் பழுதாக இருக்கலாம் என்றேன். ஒப்பந்தம் கையெழுத்தாகிற நிலைக்கு வந்துவிட்டது. அப்போதுதான் உங்கள் அறிக்கை வெளியே வந்தது. உமேஷின் மேலதிகாரிகள் அதைப் படித்துவிட்டு, சொந்த ஊரிலேயே ஒரு கிழவியைக் கோட்டைவிட்ட மென்பொருள் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது தவறுக்கு வருகிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஏகாதசி விதி என்று ஒன்று மென்பொருளில் இருக்கவே இல்லை. அதை நான் எழுதிச் சேர்த்தது அவர் இறந்த பிறகு, உங்கள் ஆட்கள் கம்ப்யூட்டரைக் கேட்டு வருவதற்கு முன்பு. என் 'துணை' ஏகாதசியன்று விடியற்காலையிலேயே அலாரம் அடித்தது. சரியான வீட்டுக்கு, சரியான நேரத்தில் அடித்தது. நான் நிறுத்தினேன். மறுபடி அடித்தது, மறுபடி நிறுத்தினேன். பற்கள் எழும்பியபோது 'உதவி கேட்கிறார்' என்றே திரையில் எழுதிக் காட்டியது. நான் அவரிடம் விளையாட்டாகச் சொன்ன சைகையை அதற்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன், அது மறக்கவில்லை. சந்தேகம் இருந்தால் அந்த இணையதளத்தில் பாருங்கள், அன்றைய கோடு இன்னமும் அங்கேதான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், இலவசம்.

ஆக, தவறியது நான்தான். மென்பொருள் தவறவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிடுங்கள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? இங்கேயா? சரி. ஒரே ஓர் உதவி மேடம், இதில் எனக்கு ஒரு நகல் வேண்டும். உமேஷுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது.