இளவரசியின் மூன்று தோல்கள்

"இந்தப் பொண்ணு வாயே தொறக்காதா?" என்று, சந்திரலேகா அக்காவை முதலில் பெண் பார்க்க வந்த அம்மாள் என்னைக் காட்டிக் கேட்டார். எட்டாவதோடு பள்ளியை விட்டதிலிருந்து நான் நோட்டில்தான் பேசுகிறேன்.

"அதுக்குக் கூச்சங்க" என்றாள் அம்மா.

அப்போது அந்த அம்மாளின் மிக்சர் தட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டரான்டுலா சிலந்தி உட்கார்ந்திருந்தது. வெறும் தோல்தான். நான் வளர்க்கும் சிலந்தி இளவரசி தோல் உரித்தால் காலும் முடியுமாக இன்னொரு சிலந்தியே கிடக்கும். உயிருள்ள இளவரசியை வைக்க எனக்கு மனம் வராது. அந்த அம்மாள் போட்ட சத்தத்துக்கு அவள் பயந்துபோயிருப்பாள்.

செம்மண்டலத்தில் கலர் மீன் கடை வைத்திருந்த மாமா, கடையை மூடும்போது அவளை எனக்குக் கொடுத்தார். பீரோவில் அவள் இருப்பது அக்காவுக்கு மட்டும் தெரியும். அக்கா சிதம்பரத்தில் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமைதோறும் டப்பாவில் இரண்டு கரப்பான் பிடித்து வருவாள்.

"இந்தாடி, ஒம் மகராணிக்குச் சாப்பாடு."

அக்கா கல்யாணமாகிப் போனால் இளவரசி பட்டினி. இதை வீட்டில் வேறு யாரும் யோசிக்கவில்லை.

இரண்டாவது மாப்பிள்ளைக்கு வாழைப்பழச் சீப்பில் வைத்தேன். அவர் தன் அப்பாவைத் தாண்டிக்கொண்டு ஓடினார். அந்த இரண்டு வரன்களையும் அக்காவுக்கும் பிடிக்கவில்லை, சிரித்துவிட்டுப் போனாள்.

மூன்றாவது, காட்டுமன்னார்கோயில் தேவநாதன். அக்கா ஒரு மாதமாக அவரோடு போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். கடைசித் தோலை வாசலில் கிடந்த அவர் ஷூவில் வைத்தேன். ரைஸ் மில்காரர், தேள் இருக்குமென்று ஷூவைத் தட்டிவிட்டுத்தான் போடுவாராம். விழுந்ததைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"தோல் இங்க இருக்கு. ஆளு எங்க?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வேறு வழியில்லை. வெளியாளிடம் முதல்முறையாக வாயைத் திறந்தேன்.

"அக்காதான் வைக்கச் சொன்னாங்க. ஒங்களப் புடிக்கலயாம்."

பேசாத பெண் பொய் சொல்வாள் என்று யாருக்கும் தோன்றாது. அவர் தோலை உடையாமல் படியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். நல்ல மனிதர்தான்.

நடந்ததை அன்றே பழைய நோட்டில் எழுதினேன். இப்போது எழுதுவது புது நோட்டு. பழையதை அக்கா சனிக்கிழமை படித்துவிட்டாள். மூடி வைத்து, அதன்மேல் டப்பாவை வைத்தாள். திறந்து பார்த்தேன். கழுவித் துடைத்திருந்தது. மெஸ்ஸில் வேலை ஜாஸ்தி, மறந்திருப்பாள்.

"பரவால்லக்கா, அடுத்த வாரம் நாலாக் கொண்டா" என்று நானாகவே பேசினேன்.

அக்கா தன் துணிமணியெல்லாம் அடைத்த பெரிய பையைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸுக்கு நடந்தாள்.