ஏரிக்கு முன்னால் நின்ற ரோடு

இன்ஜினியர்: அண்ணி, இந்தப் புதருக்குள்ளயும் இல்ல.

அண்ணி: இன்னும் கொஞ்சம் உள்ள போய்ப் பாரு தம்பி.

இன்ஜினியர்: இதுக்கு மேல உள்ள போனா நானே கூடு கட்டி உக்கார வேண்டியதுதான். சட்டையில பாதி முள்ளுகிட்ட போயிடுச்சு.

அண்ணி: மெதுவாப் பேசு. பறவை பயந்துடும்.

இன்ஜினியர்: எந்தப் பறவை? காட்டுங்க, கால்ல விழறேன். நாளைக்கு எங்க பெரிய இன்ஜினியர் வர்றாரு. "உங்க அண்ணி, அந்த ஃபாரஸ்ட் ரேஞ்சரம்மா, சொன்ன அபூர்வப் பறவையோட கூட்டை என் கண்ணால பார்க்கணும். இல்லன்னா ரோட்டை ஏரித் தண்ணி வரைக்கும் இழுத்துடு"ன்னு சொல்லிட்டாரு.

அண்ணி: அது ரொம்ப கூச்ச சுபாவமுள்ள பறவை.

இன்ஜினியர்: பொண்ணு பார்க்கப் போன வீட்டுல கதவுக்குப் பின்னாடி நின்னவன் நான். என்னை விடவா கூச்சம்?

அண்ணி: அன்னிக்கு உன்னைத் தேடிப் பிடிச்சு உக்கார வெச்சதே நான்தானே.

இன்ஜினியர்: அப்ப இதையும் தேடிப் பிடிங்களேன்.

அண்ணி: வெயில் தாழட்டும்...

இன்ஜினியர்: இந்த ரோட்டை ஏரிக்கு முன்னாடியே நிறுத்தினதுல இருந்து ஆபீஸ்ல எனக்கு என்ன பேரு தெரியுமா? "முக்கால் ரோடு". டீ கொண்டு வர்றவர் கூட எனக்கு முக்கால் கிளாஸ்தான் ஊத்துறாரு.

அண்ணி: முழு ரோடு போட்டு மட்டும் என்னத்தக் கிழிச்ச? பக்கத்து ஏரிக்குப் போட்டியே...

இன்ஜினியர்: ஏன், அருமையான ரோடு! கரை வரைக்கும் வழுக்கிட்டுப் போகும். நாலு பஸ் வரிசையா நிக்கலாம். ஐஸ்கிரீம் கடை இருக்கு, ராட்டினம் இருக்கு...

அண்ணி: பறவை?

இன்ஜினியர்: போர்டுல இருக்கு.

அண்ணி: ம்...

இன்ஜினியர்: நல்லாவே வரைஞ்சிருக்காங்க. பொண்ணைக் கூட்டிட்டுப் போனேன். "அப்பா, இதெல்லாம் எங்க?"ன்னு கேட்டா. "இன்னிக்கு லீவு"ன்னு சொன்னேன்.

அண்ணி: லீவா!

இன்ஜினியர்: வேற என்ன சொல்றது? உங்கப்பன் போட்ட ரோட்டுல பஸ்ஸு வந்துச்சு, பறவைங்க கிளம்பிப் போயிடுச்சுங்கன்னா? ரொம்ப அசிங்கமா இருந்துச்சு அண்ணி.

அண்ணி: சரி விடு. இங்க அப்படி ஆக வேணாம். பஸ்ஸு இங்கயே நிக்கட்டும், ஜனங்க இறங்கி நடக்கட்டும்.

இன்ஜினியர்: நடக்க முடியாதவங்க?

அண்ணி: அவங்களுக்குப் பலகைப் பாதை கேட்டிருக்கேன். சக்கர நாற்காலி தாராளமாப் போகும். ஹாரன் அடிக்கிறது எதுவும் போகாது.

இன்ஜினியர்: கேக்க நல்லாத்தான் இருக்கு. அதுக்கு மொதல்ல கூடு வேணுமே.

அண்ணி: தம்பி...

இன்ஜினியர்: சொல்லுங்க.

அண்ணி: கூடு இல்ல.

இன்ஜினியர்: பறந்துடுச்சா?

அண்ணி: கூடு எப்படிடா பறக்கும்? கூடும் இல்ல, அந்த ஜாதிப் பறவை இந்தப் பக்கம் வந்ததும் இல்ல. மீட்டிங்ல எல்லாரும் ஏரி வரைக்கும் ரோடு, ஏரி வரைக்கும் ரோடுன்னு தலையாட்டிட்டு இருந்தாங்களா... பயத்துல வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். சர்வீஸ்ல மொத பொய். அதையும் உருப்படியாச் சொல்லத் துப்பில்ல பாரு. நேர்ல பார்க்கணும்னு கிளம்பி வர்றாரு அந்த மனுஷன்!

இன்ஜினியர்: அப்ப இவ்வளவு நேரமா என்னை முள்ளுக்குள்ள...

அண்ணி: எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீயும் அவ்வளவு ஆசையாத் தேடின.

இன்ஜினியர்: ஐயோ, அப்ப நாளைக்கு அவருக்கு எதைக் காட்டுறது?

அண்ணி: ஏன்டா மூஞ்சி இப்படிச் சுருங்குது? கூடு இல்லன்னா என்ன, உன் மண்ணு இருக்கே! இதுக்கு மேல சதுப்பு, ரோட்டைத் தாங்காதுன்னு அதே மீட்டிங்ல நீதானே எழுந்து சொன்ன? நாளைக்கு அவர் முன்னாடி தோண்டிக் காட்டிடு, முடிஞ்சுது.

இன்ஜினியர்: தோண்டியா...

அண்ணி: ஆமா. அதுல என்ன?

இன்ஜினியர்: கூட்டைப் பார்த்துட்டாருன்னா மண்ணைத் தோண்டச் சொல்ல மாட்டாருன்னுதான் அண்ணி நான் இப்படி நாயா அலைஞ்சு தேடினேன். இந்த மண்ணு மேல யானை குடும்பத்தோட வந்து குதிச்சாலும் அமுங்காது.