நாலாவது போன்

சீனியர்: ...அப்புறம்?

புதுசு: அப்புறம் அவரே பாஸ்வேர்டைச் சொல்ல ஆரம்பிச்சுட்டார் அக்கா.

சீனியர்: மேடம்.

புதுசு: மேடம். பாதி சொல்லிட்டார். நான் குறுக்க புகுந்து, 'ஐயோ சார், இதையெல்லாம் யார் கேட்டாலும் சொல்லக் கூடாது'ன்னு...

சீனியர்: புத்திமதி சொன்ன.

புதுசு: ஆமா.

சீனியர்: நம்ம வேலை என்ன?

புதுசு: கம்பெனிங்க கூப்பிட்டா, திருடன் பேசற மாதிரி அவங்க ஆளுங்ககிட்ட பேசிப் பார்க்கிறது. எங்க ஓட்டைன்னு கண்டுபிடிச்சுச் சொல்றது.

சீனியர்: நீ ஓட்டையை அடைச்சுட்டு வந்திருக்க.

புதுசு: ரொம்ப மரியாதையா பேசினார் மேடம். பாவமா போச்சு.

சீனியர்: அது ரெண்டாவது போன். முதல் போன்ல என்ன ஆச்சு?

புதுசு: 'கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து பேசறேன்'னு சொல்லணும். நான் 'கம்ப்யூட்டர் பிரிவுன்னு சொல்லச் சொன்னாங்க'ன்னு சொல்லிட்டேன்.

சீனியர்: மூணாவது?

புதுசு: அந்தம்மா அழுதுட்டாங்க. வீட்டுக்காரர் பேச மாட்டேங்கறாராம்.

சீனியர்: அதுக்கு முக்கால் மணி நேரம்.

புதுசு: இப்ப பேசறாராம் மேடம். நேத்து மெசேஜ் போட்டிருந்தாங்க.

சீனியர்: உன் சொந்த நம்பரையா குடுத்த? சரி, விடு. நம்ம பாஸ் என்ன சொல்லியிருக்கார்?

புதுசு: நாலாவது போனும் ஊத்திக்கிச்சுன்னா பயிற்சி முடிஞ்சுது, வீட்டுக்குப் போகலாம்னு.

சீனியர்: நானும் சொல்லிப் பார்த்தேன். அவர் மசியல.

புதுசு: எனக்கு இந்த வேலை வேணும் மேடம். போன இடமெல்லாம் கழிச்சு விட்டாங்க. நீங்கதான் என்னைப் பார்த்து 'வேலைக்கு வா'ன்னீங்க.

சீனியர்: அப்ப ஒழுங்கா பொய் சொல்லு.

புதுசு: சரி மேடம்.

சீனியர்: மருந்து மொத்த வியாபாரக் கம்பெனி. சோதனை நடக்கிறது முதலாளிக்கு மட்டும்தான் தெரியும். இது கணக்குப் பிரிவோட பொது நம்பர், யார் எடுத்தாலும் சரி. விதி என்ன?

புதுசு: தெரிஞ்சவங்க எடுத்தா உடனே வெச்சிடணும். உங்ககிட்ட சொல்லணும். அந்த போன் செல்லாது.

சீனியர்: அங்க உனக்கு யாரையாவது தெரியுமா?

புதுசு: பெரிய கம்பெனி மேடம்... எத்தனையோ பேர் இருப்பாங்க.

சீனியர்: நான் கேட்டது அது இல்ல. சரி, நேரமாச்சு, போடு. ஸ்பீக்கர்ல இருக்கட்டும். நான் பேசும்போது இந்த பட்டனை அமுக்கிடுவேன், அங்க கேட்காது.

கணக்கு அம்மா: கணக்குப் பிரிவு.

புதுசு: ...

சீனியர்: பேசு.

புதுசு: வ... வணக்கம் மேடம். தலைமை ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து பேசறேன்.

கணக்கு அம்மா: யாரு?

புதுசு: கம்ப்யூட்டர் பிரிவு.

கணக்கு அம்மா: ...

புதுசு: மேடம்... லைன்ல இருக்கீங்களா?

கணக்கு அம்மா: இருக்கேன், இருக்கேன். சொல்லுங்க. குரல் ஏன் இப்படி நடுங்குது? சாப்பிட்டீங்களா?

புதுசு: சாப்பிட்டேன்.

கணக்கு அம்மா: பாதித் தட்டுல கையைக் கழுவிட்டு ஓடியிருப்பீங்க. இந்த வயசுப் பொண்ணுங்க எல்லாம் அப்படித்தான், பொதுவா சொல்றேன்.

சீனியர்: கதை வேண்டாம். விஷயத்துக்கு வா.

புதுசு: உங்க சிஸ்டத்துல ஒரு கோளாறு தெரியுது மேடம். இப்பவே சரி பண்ணலன்னா இன்னைக்குப் போட்ட பில்லெல்லாம் அழிஞ்சாலும் அழியலாம்.

கணக்கு அம்மா: அழியுமா, அழியாதா?

புதுசு: அழிய வாய்ப்பு இருக்கு...

கணக்கு அம்மா: இப்படி இழுத்தா யாரும்மா நம்புவா? அழுத்திச் சொல்லுங்க.

புதுசு: அழிஞ்சுடும்.

கணக்கு அம்மா: அப்படி வாங்க வழிக்கு. எனக்கே பகீர்னு இருக்கு. அடுத்து என்ன கேட்கணும் உங்களுக்கு?

புதுசு: உங்க ஐடி... பாஸ்வேர்டு...

கணக்கு அம்மா: பின்னல் நுனியை வாயிலேருந்து எடுத்துட்டுக் கேளுங்க. ஒண்ணும் புரியல.

புதுசு: உங்க ஐடியும் பாஸ்வேர்டும் வேணும் மேடம்.

கணக்கு அம்மா: எழுதிக்கோங்க. ஐடி, மேனேஜர் ஒண்ணு. பாஸ்வேர்டு, சிங்கம், பக்கத்துலயே ஒண்ணு ரெண்டு மூணு நாலு.

புதுசு: மேனேஜரா? ஆனா நீங்க...

கணக்கு அம்மா: எழுதியாச்சா, இல்லையா?

புதுசு: எழுதிட்டேன்.

கணக்கு அம்மா: திருப்பிச் சொல்லுங்க.

புதுசு: சிங்கம், ஒண்ணு ரெண்டு மூணு நாலு.

கணக்கு அம்மா: சரியா இருக்கு. வெச்சிடறேன். ஒரு வாய் தண்ணி குடிங்க.

சீனியர்: போட்டுப் பார்க்கிறேன், இரு... திறக்குது. மேனேஜரோட லாக்கின். மொத்தக் கம்பெனியும் உள்ளங்கையில இருக்கு.

புதுசு: அப்ப நான் பாஸா?

சீனியர்: பாஸ். ரிப்போர்ட் எழுதணும். அந்தம்மா பேர் என்ன?

புதுசு: பேர் எதுக்கு மேடம்?

சீனியர்: முதலாளிக்குச் சொல்லணுமே. மேனேஜர் பாஸ்வேர்டை முன்பின் தெரியாத ஆளுக்குத் தூக்கிக் குடுத்திருக்காங்க. இன்னைக்கே சீட்டைக் கிழிச்சுடுவார்.

புதுசு: இந்த போன் செல்லாது மேடம்.

சீனியர்: ஏன்?

புதுசு: அவங்க எனக்குத் தெரிஞ்சவங்க.

சீனியர்: எவ்வளவு தெரிஞ்சவங்க?

புதுசு: காலையில தலை பின்னி விட்டாங்க.

சீனியர்: ஓ.

புதுசு: எங்க சித்தி. அவங்க வீட்லதான் தங்கியிருக்கேன். குரலைக் கேட்டதுமே வெச்சிருக்கணும்... வெச்சா நாலாவதும் போச்சேன்னு பயந்துட்டேன். தப்பு என்னோடது மேடம். எனக்காக அவங்க பொழப்புல மண்ணு விழக் கூடாது. நான் பையை எடுத்துட்டுக் கிளம்பறேன்.

சீனியர்: உட்காரு.

புதுசு: பரவாயில்ல மேடம்...

சீனியர்: உட்காருன்னேன். வாயில பின்னல் இருக்கிறது போன்ல தெரியுமா?

புதுசு: தெரியாது.

சீனியர்: எனக்கு அப்பவே விளங்கிடுச்சு. நீயா எப்ப வாயைத் திறக்கறேன்னு பார்த்துட்டு இருந்தேன். நம்ம ரிப்போர்ட்ல எந்த ஊழியர் பேரும் போகாது.

புதுசு: இப்பதானே பேர் வேணும்னீங்க? சீட்டைக் கிழிச்சுடுவார்னு...

சீனியர்: பொய் எப்படிச் சொல்லணும்னு உனக்குக் காட்டினேன். நம்பினியா இல்லையா?

புதுசு: நம்பினதாலதானே பையை எடுக்கப் போனேன் மேடம்.

சீனியர்: அப்படித்தான் நம்ப வைக்கணும். விதிப்படி அந்த போன் செல்லாது, அதனால நாலாவது இன்னும் பாக்கி இருக்கு. உன் செல்லுல சித்தியைக் கூப்பிடு. எனக்கு ஒரு சங்கதி தெரிஞ்சாகணும்.

புதுசு: ரிங் போகுது.

சித்தி: பாப்பு, வேலை நிலைச்சுதா?

சீனியர்: அம்மா, நான் அவ சீனியர் பேசறேன்.

சித்தி: எந்தப் பாப்பு? ராங் நம்பருங்க.

சீனியர்: எல்லாத்தையும் சொல்லிட்டாம்மா.

சித்தி: சொல்லிட்டாளா? அவ வாயில ஒண்ணும் தங்காது மேடம். நேத்து பூரா ஒரே அழுகை, இந்த போனும் போச்சுன்னா வேலை இல்லைன்னு. குரலைக் கேட்டதும் எனக்கு மனசு தாங்கல, அதான் குடுத்துட்டேன்.

சீனியர்: அதுக்கு ஏன் மேனேஜர் பாஸ்வேர்டு?

சித்தி: என்னோடதைக் குடுத்தா என் தலை உருளுமே.

சீனியர்: அவரோடது உங்களுக்கு எப்படித் தெரியும்?

சித்தி: இங்க எல்லாருக்கும் தெரியும். டீ கொண்டு வர்றவருக்கும் தெரியும். அவருக்குத்தான் மறந்துடும். காலையில வந்து உட்கார்ந்ததும் ஒரு குரல் குடுப்பார், கையில வேலை இல்லாதவங்க யாராவது சொல்லுவோம்.

சீனியர்: தினமுமா?

சித்தி: சாப்பிட்டு வந்ததும் இன்னொரு தடவை.

சீனியர்: இப்ப அவருக்கு நேரா ஒரு போன் வரும். நீங்க வாயைத் திறக்காம இருப்பீங்களா?

சித்தி: நான் எதுக்கு மேடம் பேசப் போறேன்? பாப்பு, இழுக்காமக் கேளு.

சீனியர்: வெச்சுட்டாங்க. கவனி. அவர் பாஸ்வேர்டைச் சொல்லணும்னுகூட இல்ல. உன்னை லைன்ல வெச்சுக்கிட்டு, பக்கத்துல இருக்கிறவங்களைக் கேட்டார்னாலே போதும். அதுதான் ஓட்டை.

புதுசு: சரி மேடம்.

சீனியர்: பின்னல்.

புதுசு: எடுத்துட்டேன்.

மேனேஜர்: ஹலோ, யாரு?

புதுசு: வணக்கம் சார். தலைமை ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரிவு. உங்க லாக்கின் கொஞ்ச நேரத்துல முடங்கிடும்.

மேனேஜர்: முடங்கிடுமா?

புதுசு: முடங்கிடும் சார். அப்புறம் யாராலயும் திறக்க முடியாது.

மேனேஜர்: அடக் கஷ்டமே. நான் என்னம்மா பண்ணணும்?

புதுசு: ஐடியும் பாஸ்வேர்டும் சொல்லுங்க, நான் இங்கிருந்தே சரி பண்ணிடறேன்.

மேனேஜர்: ஐடி, மேனேஜர் ஒண்ணு. பாஸ்வேர்டு... பாஸ்வேர்டு வந்து... லைன்ல இரும்மா. ஏம்மா, என் பாஸ்வேர்டு என்ன?

சீனியர்: போதும். கேட்டுட்டார். உன் வேலை நிலைச்சுது, போனை வை.

புதுசு: இருங்க மேடம், சித்தி என்னமோ சொல்றாங்க.

சித்தி: நீங்க சிரமப்படாதீங்க சார். அந்தப் பொண்ணுகிட்ட நான் அப்பவே சொல்லிட்டேன்.