அடிப்பிடித்த சோறும் ஐக்கிய நாடுகளும்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் பொறியாளர் சேதுராமன் அவர்களே! முன்வரிசையில் முறுவலித்து அமர்ந்திருக்கும் மூத்தோரே! பிள்ளையை மடியிலும் பொறுமையை மனத்திலும் தாங்கி வந்திருக்கும் தாய்மார்களே! டியூட்டி முடித்து, சைட் தூசியோடு நிற்கும் தோழர்களே! இந்தச் செய்தியாளன் வணங்குகிறேன்.

இன்று ஐக்கிய நாடுகள் சபைக்கு முப்பது வயது. போர் ஓய்ந்த பிறகா அதற்கு வித்திட்டார்கள்? இல்லை! 1945 ஜூனில், பசிபிக் கடலில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்தபோதே, சான்பிரான்சிஸ்கோவில் ஐம்பது நாடுகள் சாசனத்தில் கையெழுத்திட்டன. முதற்கையெழுத்து யாருடையது? முதலில் தாக்கப்பட்ட சீனாவுடையது!

இந்த அறிவுதான் பிற்பாடு எனக்கு அடிவாங்கித் தரப் பார்த்தது.

1971 டிசம்பர். இந்தியாவும் பாகிஸ்தானும் போரில் இறங்கின. இதே துபாயில் ஒரு தொழிலாளர் கேம்ப். நாற்பது பேருக்கு ஒரே சமையலறை. சிவகங்கை ராக்கப்பனும் பெஷாவர் குல்கானும் அதுவரை ஒரே தட்டில் உண்டவர்கள். ரேடியோவைக் கேட்டார்கள், அகப்பையை ஓங்கினார்கள்! நடுவே கயிறு கட்டினார்கள். அடுப்பு ராக்கப்பன் பக்கம், தண்ணீர்க் குழாய் குல்கான் பக்கம்! ஒரு வாரம் கேம்ப் முழுதும் காய்ந்த ரொட்டி.

"வெள்ளிக்கிழமைக்குள் கயிறு அவிழாவிட்டால் இருவரும் ஊருக்கு" என்றார் ஃபோர்மேன். ராக்கப்பன் வந்து நான்கே மாதம். ஊரில் மனைவி பூவாயிக்குத் தலைப்பிரசவம். எந்த முகத்தோடு திரும்புவார்?

செய்தி சேகரிக்கப் போன நான் சமாதான ஒப்பந்தம் எழுதினேன். இவர் தீ தருவார், அவர் நீர் தருவார். இருவரும் இசைந்தார்கள், சமையற்காரர் செய்கு முகம்மது உலையும் ஏற்றினார். முதலில் யார் கையெழுத்து? சீனக் கதையைச் சொன்னேன்.

"அப்ப நாந்தாண்ணே! இவந்தான் மொதல்ல அடிச்சான்!"

"ஜூட்! பெஹ்லே முஜே மாரா, பாய்!" பொய்யாம்; முதல் அடி தனக்காம்!

மறுபடி அகப்பை! அதற்குள் சோறு அடிப்பிடித்துவிட்டது. செய்கு முகம்மது கரண்டியோடு வந்தார்.

"யல்லா, சீக்கிரம்! கடைசியாக் கையெழுத்துப் போடுறவனுக்குக் கருகின சோறு. கலாஸ், பேச்சு முடிஞ்சுது!"

ஒரே பேனாவில் இரண்டு கைகள்! ஒன்றன்மேல் ஒன்றாய் இரண்டு கையெழுத்து! ஃபோர்மேன் வந்தபோது கயிறு வெளியே துணிக்கொடியாகிவிட்டது. ராக்கப்பன் கைலியும் குல்கான் பைஜாமாவும் அதில் காய்ந்தன. எவரும் ஊருக்குக் கப்பல் ஏறவில்லை.

யார் முந்தினார்? மூன்றாம் வரிசையில் யாரது, "நாந்தான்" என்பது? உட்காருங்கள் ராக்கப்பன், பக்கத்தில் குல்கான் முறைக்கிறார்!

பெருமக்களே! யார் முதலில் அடித்தார் என்று கேட்டால் வழக்கு வளரும். யார் முதலில் பசித்தார் என்று கேளுங்கள். கை தானே நீளும்! வல்லரசுக்கும் அதுவே, வாடகை அறைக்கும் அதுவே!

செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. பின்கட்டில் செய்கு முகம்மதின் உலை கொதிக்கிறது. அது அடிப்பிடிக்குமுன் அமர்கிறேன். வணக்கம்!